மக்காச்சோளத்துக்கு ஒரு வழி, சோயாவுக்கு ஒரு வழி: செட்டிநாட்டுப் பட்டங்களில் பூச்சியைச் சமாளிப்பது எப்படி?

ஒரு ஏக்கர் மக்காச்சோளத்தில் 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நிற்பது சுமார் 27,000 செடி. அதே ஏக்கரில் சோயா மொச்சையை 30-க்கு 10 என்று ஊன்றினால் 1,35,000 செடி. பூச்சிக்கு எப்போது மருந்து அடிப்பது, எப்போது சும்மா இருப்பது என்ற முடிவில் பாதி இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

மக்காச்சோளத்தில் செடிக்கு ஒரு வளர்நுனி, ஒரு கதிர். குருத்தைப் புழு தின்று நுனி செத்தால் அந்தக் கதிர் போனது போனதுதான். பக்கத்துச் செடி ஈடு செய்யாது. சோயா அப்படியல்ல. நடுவில் ஒன்றிரண்டு செத்தாலும் அக்கம்பக்கத்துச் செடிகள் கிளை விட்டு இடத்தை நிரப்பிவிடும். பூக்கும் முன் கால் பங்கு இலை போனாலும் மகசூல் பெரிதாகக் குறையாது. மக்காச்சோளத்தில் முதல் முப்பது நாள் வயலை விட்டு அசையக்கூடாது. சோயாவில் பொறுமையாக இருக்கலாம். ஆனால் காரைக்குடி, கல்லல், தேவகோட்டை பக்கம் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மக்காச்சோளத்தில் புழு பெரிதான பிறகு ஓடுகிறோம். சோயா இலையில் நாலு ஓட்டையைப் பார்த்ததும் டேங்கைத் தூக்குகிறோம்.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. நாள் எண்ணி 15, 30, 45 என்று அடிப்பது ஒன்று. விதை நேர்த்தி செய்துவிட்டு, வயலைப் பார்த்து, அளவு மீறினால் மட்டும் அடிப்பது இரண்டாவது. வேம்பு, முட்டை ஒட்டுண்ணி (பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி), புழுவைக் கொல்லும் பூஞ்சாணம் என்று ரசாயனம் இல்லாமல் ஓட்டுவது மூன்றாவது. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆடியில் பலிப்பது மாசியில் பலிக்காது.

மக்காச்சோளம்: படைப்புழுவுக்கு முன்னால் ஓடுவது

அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதலில் தென்பட்டது 2018-ல், கர்நாடகத்தில். அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் இருந்த தண்டுத்துளைப்பான், குருத்து ஈ எல்லாம் இப்போது இரண்டாம் இடம்தான். புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில ஒய் போல ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். வால் பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். இந்த இரண்டும் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

தாய் அந்துப்பூச்சி ஒரே இடத்தில் நூறு, இருநூறு முட்டையைக் குவியலாக வைத்து, மேலே தன் செதிலால் மூடிவிடும். பார்க்கப் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரியும். முதலில் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். இலையில் கண்ணாடித் தாள் போலச் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டு தெரிவது அப்போதுதான். மருந்து வேலை செய்யும் நேரமும் அதுதான். ஏறக்குறைய ஒரு வாரத்தில் புழு குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தையே தக்கை போல மேலே அடைத்துக்கொள்ளும். மரத்தூள் போன்ற ஈர எச்சமும் கந்தலான இலையும் கண்ணில் பட்ட பிறகு அடிக்கும் மருந்து அந்தத் தக்கையைத் தாண்டிப் போவது கடினம். புழு தின்பதில் பெரும்பங்கு கடைசி இரண்டு பருவத்தில்தான் என்பதால், அதற்கு முன் பிடித்தால் லாபம்.

நாள் எண்ணி அடிப்பதன் கோளாறு இங்கேதான். 15-ஆம் நாள் முட்டையே இல்லாமல் இருக்கலாம். 22-ஆம் நாள் பொரிந்திருக்கலாம். 30-ஆம் நாள் அடிக்கும்போது புழு உள்ளே பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும். பணமும் போய், நன்மை செய்யும் பூச்சியும் செத்து, புழு மட்டும் மிஞ்சும். வயலுக்கு வாரம் ஒருமுறைகூடப் போக முடியாமல், வெளியூரில் இருந்துகொண்டு குத்தகைக்கு ஆள் வைத்து விவசாயம் செய்பவருக்கு (செட்டிநாட்டில் இப்படிப்பட்ட நிலம் கொஞ்சமல்ல) இந்த வழி வசதியாகத் தோன்றும். அப்படிப்பட்டவர் மக்காச்சோளம் போடாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது வழியில் செலவின் முதல் பங்கு விதைக்குப் போக வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ விதை. சயான்ட்ரானிலிப்ரோலும் தயமீத்தாக்சாமும் கலந்த விதை நேர்த்தி மருந்து, கிலோவுக்கு 4 மி.லி. வீதம் 32 மி.லி. போதும். இரண்டு முதல் மூன்று வாரம் இளஞ்செடியைக் காக்கும். வாங்கும் வீரிய ஒட்டு விதை ஏற்கெனவே சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசித்தான் வரும். சாயம் இருந்தாலே பூச்சிமருந்து இருக்கிறது என்று அர்த்தமல்ல. பல நேரம் அது பூஞ்சாணக் கொல்லி மட்டுமே. பையில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிட்டு, பூச்சிமருந்து இல்லையென்றால் மட்டும் நேர்த்தி செய்யுங்கள். கையுறை இல்லாமல் கலக்க வேண்டாம். மீந்த விதையைக் கோழிக்குப் போட வேண்டாம். விதைத்த அன்று வரப்பில் சிந்தியதையும் மண் போட்டு மூடிவிடுங்கள். விடிந்தால் மயில் வரும்.

அடுத்தது பார்வை. 12-ஆம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை, வயலில் ஐந்து இடம், இடத்துக்கு 20 செடி. மொத்தம் 100 செடி என்பதால் புதிதாகச் சேதமான செடியின் எண்ணிக்கையே சதவீதம். கணக்குப் போட வேண்டிய வேலை இல்லை. முதல் நான்கு வாரத்தில் 5 செடியைத் தாண்டினால் மருந்து. அதற்கு மேல், நடுக் குருத்துப் பருவத்தில் 10. கொண்டை (உச்சியில் வரும் ஆண் பூ) வருவதற்கு முந்தைய பருவத்தில் 20. எண்ணுவது புதிய சேதத்தை மட்டும். போன வாரம் கடித்த இலை மேலே விரிந்து வந்து கந்தலாகத் தொங்கும். அதைப் பார்த்துப் பயந்து அடிப்பது வீண். குருத்தைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கிறதா என்று. ஐந்தாறு இலை வரும் வரை வளர்நுனி மண்ணையொட்டித்தான் இருக்கும். அதனால் அந்த வயதில் இலை கந்தலாகப் போனாலும் பெரும்பாலான செடி எழுந்துவிடும்.

ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் முன்கூட்டியே தெரியும். பொறிக்கு மூன்று அந்துப்பூச்சி விழ ஆரம்பித்தால் முட்டை தேடும் நேரம் வந்துவிட்டது. இதில் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. கடையில் “படைப்புழு லூர்” (பொறியில் வைக்கும் வாசனைக் கவர்ச்சி) என்று கேட்டால், நிலக்கடலையிலும் சோயாவிலும் வரும் புரொடீனியா புழுவின் லூரைத் தந்துவிடுவதுண்டு. இரண்டும் ஒரே குடும்பம், வாசனை வேறு. பொறியில் ஒன்றும் விழவில்லை என்று நிம்மதியாக இருக்கும் வயலில் குருத்து முழுக்கப் புழு இருக்கும். உறையில் உள்ள பூச்சியின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். லூரை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பயிர் உயர உயரப் பொறியையும் உயர்த்துங்கள்.

அடிக்க முடிவு செய்துவிட்டால் எதை அடிப்பது? விதையில் போட்ட சயான்ட்ரானிலிப்ரோலும், தெளிக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோலும் புழுவின் உடம்பில் ஒரே இடத்தில் தாக்குபவை. ஃப்ளூபென்டியமைடும் அதே கூட்டம்தான். விதையில் ஒன்று, 20-ஆம் நாளில் இன்னொன்று என்று தொடர்ந்தால் எதிர்ப்புத்திறனை நாமே வளர்க்கிறோம். அதனால் விதை நேர்த்தி செய்த வயலில் முதல் தெளிப்பு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி., லிட்டருக்கு 0.4 கிராம். இரண்டாவது தேவைப்பட்டால் ஸ்பினெட்டோரம் 11.7 எஸ்.சி., லிட்டருக்கு 0.5 மி.லி. குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (லிட்டருக்கு 0.4 மி.லி.) விதை நேர்த்தி செய்யாதவர் முதலில் எடுக்க வேண்டியது.

அளவு கெடுவது டேங்கில். சிபாரிசு அட்டையில் “10 லிட்டருக்கு 4 மி.லி.” என்று இருக்கும். முதுகில் தொங்கும் பேட்டரி தெளிப்பான் 16 லிட்டர். ஒரு டேங்குக்கு ஒரு மூடி என்ற கணக்கில் அதே 4 மி.லி. ஊற்றினால் பயிருக்குப் போவது தேவையில் 62 சதவீதம். சின்னப் புழு சாகும், நடுத்தரப் புழு பிழைத்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். 16 லிட்டருக்கு 6.4 மி.லி. வேண்டும். ஊசி போடும் பத்து மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி அதற்கென்றே வைத்துக்கொண்டால் மூடிக் கணக்கு ஒழியும். குருத்துப் பருவத்தில் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது பன்னிரண்டரை டேங்க். ஐந்து டேங்கில் ஒரு ஏக்கரை முடித்ததாகக் கூலிக்கு அடிப்பவர் சொன்னால், மருந்து இலையில் பட்டது, குருத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். நாசில் குருத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும், வீசிக்கொண்டே நடக்கக்கூடாது.

அரிசித் தவிட்டில் வெல்லமும் மருந்தும் கலந்து குருத்தில் போடும் நச்சுத் தீவனம், பெரிய புழுவுக்கு ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. புழுவைக் கொல்லும், மறுப்பில்லை. ஆனால் மயிலும் மேய்ச்சல் ஆடும் கேட்பாரின்றித் திரியும் நம் பக்கத்துக்கு அது வேண்டாம். மயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை; பக்கத்து வீட்டு ஆடு செத்தால் வரும் வழக்கு தனி. சின்ன நிலமென்றால் ஒன்பது பங்கு உலர்ந்த மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுவது பாதுகாப்பானது. கால் ஏக்கருக்கு வீட்டு ஆட்களே போதும். ஒரு ஏக்கருக்குக் கூலி கட்டாது.

கொண்டை வந்த பிறகு ரசாயனம் கொடுத்த காசுக்குப் பலன் தராது. கதிரில் இருக்கும் புழுவை எட்டுவதும் இல்லை. அந்த நேரம் கையால் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோயா: இலையை விடு, தண்டைக் காப்பாற்று

சோயாவில் கண்ணுக்குத் தெரிவது இலை ஓட்டை; ஆபத்து இருப்பது தண்டுக்குள். தண்டு ஈயின் புழு முளைத்த ஒன்றிரண்டு வாரத்திலேயே உள்ளே போய்விடும். வாடிய செடியைப் பிடுங்கித் தண்டை நகத்தால் பிளந்தால், செம்பழுப்பில் நெளிநெளியாக ஒரு பாதை தெரியும். அதற்குப் பிறகு தெளிப்பதில் பயனில்லை. இதற்கும் முடிவு விதையிலேயே எடுக்க வேண்டும்: தயமீத்தாக்சாம் 30 எஃப்.எஸ்., கிலோவுக்கு 10 மி.லி. வரிசை முக்கியம். பூஞ்சாணக் கொல்லி முதலில், பூச்சிமருந்து அடுத்து, ரைசோபியம் (வேரில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர்) கடைசியாக விதைக்கும் முன். மாற்றிச் செய்தால் ரைசோபியம் செத்துவிடும். முதன்முறை சோயா போடும் நிலத்தில், சோயாவுக்கென்றே உள்ள ரைசோபியம் மண்ணில் இருக்காது. உளுந்துக்கு வாங்கிய பொட்டலம் உதவாது. சோயா விதையின் தோல் மெல்லியது. மக்காச்சோளம் போல டிரம்மில் போட்டு உருட்டினால் தோல் உரிந்து முளைப்பு குறையும். சாக்கை விரித்து மெதுவாகப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள்.

மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயாவுக்குப் பெரிய தலைவலி, தண்டில் இரண்டு வளையம் போட்டு நடுவில் முட்டையிடும் வண்டு. அங்கிருந்து வரும் அறிவுரைக் காணொளிகள் அதைச் சுற்றியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே மருந்து வாங்க வேண்டாம். மேல் பாதி வாடித் தொங்கும் செடியில் இரண்டு வளையம் உண்மையிலேயே இருந்தால், வளையத்துக்குக் கீழே கிள்ளி எரித்துவிடுங்கள்.

இலை தின்னும் புழுவில் இரண்டு வகை. வளைந்து வளைந்து நடக்கும் காவடிப் புழுவுக்கு ஒரு மீட்டர் வரிசையில் மூன்று நான்கு வரும் வரை காத்திருக்கலாம். புரொடீனியா கூட்டமாகப் பொரிவது. ஒரு இலை மட்டும் சல்லடை போல வெளுத்து, அடியில் நூற்றுக்கணக்கில் குட்டிப் புழு இருக்கும். அந்த ஒரு இலையைக் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டால், ஒரு தெளிப்பின் செலவு மிச்சம். வரப்போரம் பத்தடிக்கு ஒன்றாக ஆமணக்கு வைத்தால் தாய்ப்பூச்சி அதைத்தான் முதலில் நாடும். தேடும் வேலை சுருங்கும். ஆமணக்கை வைத்துவிட்டுப் பார்க்காமல் விட்டால், அது புழுப் பண்ணையாகி வயலுக்குள் இறங்கும்.

காய் பிடித்த பிறகு கணக்கு மாறுகிறது. அப்போது இலை போனால் பருப்பு சுருங்கும். பொறுமை அதுவரைதான். ஏக்கருக்கு 100 எல்.இ. (பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு) என்.பி.வி. என்ற, புழுவைத் தாக்கும் வைரஸ் கரைசலோடு ஒரு கிலோ வெல்லம் சேர்த்து மாலையில் தெளிப்பது புரொடீனியாவுக்கு நல்ல ஆயுதம். ஆனால் சின்னப் புழுவுக்கு மட்டும். பெருத்துவிட்ட புழுவுக்கும் கேட்கும் என்றெல்லாம் கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். பெரிதாகிவிட்டால் குளோரான்ட்ரானிலிப்ரோல் ஏக்கருக்கு 60 மி.லி. ஒருமுறை. காய் முற்றும்போது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளை அதிகாலையில், அவை மந்தமாக இருக்கும்போது, வலையாலோ முறத்தாலோ தட்டிப் பிடிக்கலாம்.

பட்டம் மாறினால் முடிவும் மாறும்

ஆடிப்பட்டத்தின் எதிரி காற்று. அம்மியே பறக்கும் காற்றில் தெளிப்பு நீர் குருத்துக்குள் போகாது. பாதி பக்கத்துக் கொல்லைக்குப் போகும். விடிந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் நிறுத்த வேண்டியதுதான். இந்தப் பட்டத்தில் எங்கள் தேர்வு இரண்டாவது வழி. ஏக்கர் முழுவதும் ஒரே நாளில் விதைப்பதும், பக்கத்துக் கொல்லைக்காரரோடு பேசி ஒரே வாரத்துக்குள் முடிப்பதும் இதில் சேரும். அவருடைய நாற்பது நாள் பயிரிலிருந்து கிளம்பும் அந்துப்பூச்சிக்கு உங்கள் பத்து நாள் பயிர்தான் விருந்து.

புரட்டாசிப் பட்டத்தில்தான் மூன்றாவது வழிக்கு உண்மையான வாய்ப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை இலையிலுள்ள குட்டிப் புழுவை அடித்துக்கொண்டு போகும். குருத்தில் தேங்கும் நீரில் சில மூழ்கும். காற்றில் ஈரம் இருப்பதால் மெட்டாரைசியம் பூஞ்சாணம் (லிட்டருக்கு 5 கிராம்) பிடிக்கும். சில ஆண்டுகளில் யாரும் தெளிக்காமலேயே வயலில் புழுக்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, இலையில் ஒட்டியபடி செத்திருப்பதைக் காணலாம். சில நாளில் அந்த வெள்ளை பச்சைத் தூளாகும். அதைக் கண்டால் வயலில் எந்தப் பூஞ்சாணக் கொல்லியும் அடிக்க வேண்டாம். வேப்பங்கொட்டையும் இப்போதுதான் பதமாக இருக்கும்: ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தியது மூன்று மாதம் கடந்திருக்கும். 10 கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் ஒரு ஏக்கருக்கு ஐந்து சதவீதக் கரைசல். எட்டு மாதத்துக்கு மேல் கிடந்த கொட்டையில் சத்து இருக்காது. சித்திரையில் பழைய கொட்டையை ஊறவைத்துவிட்டு வேம்பைக் குறை சொல்லக்கூடாது.

முட்டை ஒட்டுண்ணியைப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கியதும் ஏக்கருக்கு 50,000 வீதம் வாரம் ஒருமுறை விட வேண்டும். ஒட்டுண்ணி ஒட்டிய அட்டையை வாங்கிய நாளும் வயலில் கட்டும் நாளும் தள்ளிப்போனால் குளவி பையிலேயே பொரிந்து சாகும். விட்ட வாரத்தில் ரசாயனம் கூடாது. ஒட்டுண்ணியையும் பூஞ்சாணத்தையும் பற்றிக் கேட்க, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் செட்டிநாடு வறண்ட நில ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கடை அலமாரியில் வெயில் பட்டுக் கிடந்த பூஞ்சாணப் பாக்கெட்டில் உயிர் இருக்காது, தேதியைப் பாருங்கள். ஐப்பசியில் மழை பெரும்பாலும் மாலையில் இடித்துக்கொண்டு வரும் என்பதால், “மாலையில் தெளி” என்ற பொது விதியை இங்கே காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாசிப் பட்டம் கிணற்றுத் தண்ணீரை நம்பியது. வெப்பத்தில் படைப்புழுவின் தலைமுறை வேகமாக ஓடும், பூஞ்சாணம் காய்ந்துபோகும், மூன்றாவது வழியை மட்டும் நம்பினால் பயிர் போகும். மக்காச்சோளத்துக்கு விதை நேர்த்தியும் வாரம் இரண்டு முறை பார்வையும் கட்டாயம். சோயாவுக்கோ புழுவைவிட வெள்ளை ஈ பெரிய பகை. அது பரப்பும் மஞ்சள் தேமல் வந்த செடிக்கு மருந்தே கிடையாது. முதலில் மஞ்சளான செடிகளைப் பிடுங்கிவிட்டு, ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டும் பொறி வைத்து, ஈ பெருகினால் தயமீத்தாக்சாம் 25 டபிள்யூ.ஜி. 40 கிராம். பைரித்திராய்டு வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் எதிரிப்பூச்சிகள் செத்து, வெள்ளை ஈ முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். இந்தப் பட்டத்தில் இரண்டில் ஒன்றுதான் போட முடியும் என்றால் மக்காச்சோளம். சோயாவைப் புரட்டாசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்து ஊடுபயிராகப் போடலாமா? பயறு வகை ஊடே இருந்தால் படைப்புழு குறைகிறது என்பது உண்மை. ஆனால் மக்காச்சோளத்துக்கு வழக்கமாக அடிக்கும் அட்ரசின் களைக்கொல்லி சோயாவைக் கருக்கிவிடும். பெண்டிமெத்தலினுக்கு மாற வேண்டும், மீதிக் களைக்குக் கைக்களைதான். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் மக்காச்சோளத்தைத் தனியாகப் போட்டு, வரப்போரம் மூன்று வரி தட்டைப்பயறு விதையுங்கள். அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். பிறகு அது மக்காச்சோளத்துக்கும் நகரும். பறவை உட்கார டி வடிவக் குச்சி ஏக்கருக்குப் பத்து, முதல் முப்பது நாளுக்கு மட்டும். கரிச்சானும் மைனாவும் புழு பொறுக்கும். கதிர் வந்த பிறகும் குச்சியை விட்டுவைத்தால் கிளிக்கு நாற்காலி போட்டது போல ஆகும்.

கலைத்த பச்சைச் செடியையும் அறுத்த தட்டையையும் மாட்டுக்குப் போடும் முன், கடைசியாக அடித்த மருந்தின் லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் முடிந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த நிலத்தைச் சித்திரைக் கோடை மழை நனைத்ததும், செம்மண் இறுகும் முன் உழுதுவிட வேண்டும். படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணில் இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடக்கும். ஏர் புரட்டினால் மேலே வந்து வெயிலில் காயும். அடுத்த விதைப்புக்கு முந்தைய கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடலாம். கோடை உழவு நடக்கும் அன்று காலை மட்டும் மயிலை விரட்ட வேண்டாம்.